தெரியாமல் செய்தாலும் தேர்தல் குற்றமா?

வாக்காளர் பட்டியல் படிவங்களின் அடியில் அச்சிடப்பட்டிருக்கும் ‘ஓராண்டு வரை சிறை’ என்ற எச்சரிக்கையைப் பற்றிச் சென்ற இதழில் நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தைத்தான் தொடுகின்றன. தவறு நடந்திருப்பதே தண்டனைக்குப் போதுமா, அல்லது தவறு என்று தெரிந்தே செய்தார் என்பதை அரசு நிரூபிக்க வேண்டுமா என்பதே அந்தக் கேள்வி. இந்த இதழின் கேள்வி-பதில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: விருத்தாசலத்தில் முப்பது ஆண்டுகளாக எனக்கு ஓட்டு இருக்கிறது. கணவர் இறந்த பிறகு சில மாதங்கள் சென்னையில் மகன் வீட்டில் இருந்தபோது, அவன் கணினி வழியாக என் பெயரை அங்கேயும் சேர்த்துவிட்டான். இப்போது இரண்டு இடத்திலும் பெயர் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் ‘இதற்கு ஓராண்டு ஜெயில்’ என்கிறார். நான் குற்றவாளியா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, விருத்தாசலம்

பதில்: இல்லை, அம்மா. பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு வேறு சட்டப் பிரிவுகளை ஒன்றாகக் கலந்துவிட்டார். ஒருவர் பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதியில் இருக்கக் கூடாது என்பது 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு. ஒரே தொகுதியில் இரண்டு முறை இருக்கக் கூடாது என்பது 18-ஆவது பிரிவு. இவை பட்டியல் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்பவை. இவற்றில் சிறைத் தண்டனை என்ற பேச்சே இல்லை. சிறை வருவது 31-ஆவது பிரிவில். அந்தப் பிரிவு தண்டிப்பது இரட்டைப் பதிவை அன்று, பொய்யான எழுத்துமூல உறுதிமொழியை. அதிலும் அந்த உறுதிமொழி பொய்யாக இருந்தால் மட்டும் போதாது. கொடுத்தவர் அது பொய் என்று அறிந்திருக்க வேண்டும், அல்லது பொய் என்று நம்பியிருக்க வேண்டும், அல்லது குறைந்தபட்சம் அதை உண்மை என்று நம்பாதவராக இருந்திருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்றைக்கூட நிரூபிக்க முடியாவிட்டால் குற்றம் இல்லை.

உங்கள் மகனின் நிலைமை சற்று மாறுபட்டது. புதிய வாக்காளருக்கான படிவம் 6-இல், ‘முதன்முறையாகப் பெயர் சேர்க்க விண்ணப்பிக்கிறேன், வேறு எந்தத் தொகுதியிலும் என் பெயர் இல்லை’ என்ற உறுதிமொழி இருக்கிறது. இடம் மாறியவருக்கு உரியது படிவம் 8. மகன் அதைத் தவறவிட்டிருக்கிறார். கைப்பேசித் திரையில் வரிசையாக வரும் கட்டங்களில் குறியிட்டு, ‘சமர்ப்பி’ என்பதை அழுத்திவிட்டு எழுந்து போனவர்கள் இலட்சக்கணக்கில் இருப்பார்கள். அது கவனக்குறைவு, ஏமாற்று அன்று. ஆனால் ஒன்றை மனத்தில் வையுங்கள். இதுவரை உங்களுக்குத் தெரியாது, இப்போது தெரியும். இனி எந்தப் படிவத்திலாவது ‘வேறெங்கும் என் பெயர் இல்லை’ என்று கையெழுத்திட்டால், அது 31-ஆவது பிரிவுக்குள் நேராக வந்துவிடும். ஆகவே எந்த ஊரில் வசிக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்து, மற்ற ஊரிலுள்ள பெயரை நீக்கப் படிவம் 7 கொடுத்து, அதற்கான ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் நல்லெண்ணத்துக்கு அந்தச் சீட்டைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

கேள்வி: ‘சட்டம் தெரியாது என்பது சாக்கு ஆகாது’ என்று முதல் ஆண்டிலேயே படித்தோம். அப்படியிருக்க, தேர்தல் குற்றத்தில் மட்டும் ‘எனக்குத் தெரியாது’ என்ற வாதத்துக்கு ஏன் இடம் தர வேண்டும்?
— சட்டக் கல்லூரி மாணவர், மதுரை

பதில்: நல்ல கேள்வி, தம்பி. நீங்கள் படித்தது சரி, ஆனால் அது பாதி. குற்றச் செயலோடு குற்ற மனமும் சேர வேண்டும் என்பது மறுபாதி. இரண்டையும் நம் உச்ச நீதிமன்றம் அடுத்தடுத்த ஆண்டுகளில் வந்த இரண்டு தீர்ப்புகளில் எடைபோட்டிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

முதலாவது, 1964-இல் தீர்ப்பான மேயர் ஹான்ஸ் ஜார்ஜ் வழக்கு. சூரிச்சிலிருந்து மணிலாவுக்குப் பயணமான ஒரு ஜெர்மானியர், 1962 நவம்பர் 28 அன்று விமானம் பம்பாயில் நின்றபோது, கீழே இறங்காமல் இருக்கையிலேயே அமர்ந்திருந்தார். அவர் அணிந்திருந்த மேலங்கியில் 34 கிலோ தங்கக் கட்டிகள் இருந்தன. இந்தியா வழியாகத் தங்கம் கொண்டுசெல்வதற்கான விதியை ரிசர்வ் வங்கி கடுமையாக்கிய அறிவிப்பு, அரசிதழில் வெளியாகி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. ‘எனக்கு எப்படித் தெரியும்?’ என்ற அவருடைய வாதத்தை உயர் நீதிமன்றம் ஏற்று விடுதலை செய்தது. உச்ச நீதிமன்றத்தில் பெரும்பான்மை நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. அந்நியச் செலாவணியைக் காக்கும் சட்டத்தில் குற்ற மனத்தைத் தேடினால் சட்டமே செயலிழக்கும் என்றார்கள். ஆனாலும் தண்டனையை, அவர் ஏற்கெனவே சிறையில் கழித்த காலத்தோடு முடித்துக்கொண்டார்கள். நீதிபதி சுப்பா ராவ் மட்டும் மாறுபட்டார்.

அடுத்த ஆண்டே, மத்தியப் பிரதேசத்தின் தார் நகரத் தானிய வணிகர் நாதுலாலின் வழக்கு வந்தது. உரிமத்துக்கு விண்ணப்பித்து, கட்டணமும் கட்டி, உரிமம் வந்துவிடும் என்ற உண்மையான நம்பிக்கையில் அவர் கோதுமை இருப்பு வைத்திருந்தார். இம்முறை சுப்பா ராவின் கருத்தே வென்றது. சட்டம் வெளிப்படையாகவோ, தவிர்க்க முடியாத உட்பொருளாகவோ விலக்கினால் ஒழிய, எந்தக் குற்றத்திலும் குற்ற மனம் ஓர் இன்றியமையாத கூறு என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. இன்றுவரை நம் நீதிமன்றங்கள் தொடங்கும் இடம் அதுதான்.

தேர்தல் சட்டம் இவற்றில் எந்தப் பக்கம் சேரும்? என் உறுதியான எண்ணம், வாக்காளரைப் பொறுத்தவரை அது நாதுலாலின் பக்கம்தான் சேர வேண்டும் என்பது. எல்லை கடந்து தங்கம் கொண்டுபோவது ஒருவர் தன் இலாபத்துக்காகத் தேர்ந்தெடுக்கும் தொழில். அதில் இறங்குபவர் விதிகளைத் தேடிப் படித்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் நியாயம் உண்டு. வாக்களிப்பதோ, வீட்டுக்கே வந்து அழைத்து, சுவரெங்கும் எழுதி, எல்லோரும் வர வேண்டும் என்று அரசே கேட்டுக்கொள்ளும் செயல். அப்படி அழைத்த பிறகு, வந்தவர் படிவத்தில் தவறினார் என்பதற்காகக் கைவிலங்கை நீட்டுவது முறையாகாது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. ‘நான் வாக்களிக்கத் தகுதியுள்ளவனா?’ என்ற கேள்வியில் சட்டமும் உண்மை நிகழ்வும் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடக்கின்றன. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நடந்ததைப் பாருங்கள். வரி மோசடி வழக்கில் சிறைவாசம் முடித்து, மேற்பார்வைக் காலத்தில் இருந்த ஒரு பெண், 2016 அதிபர் தேர்தலில் வாக்களிக்கப் போனார். பட்டியலில் பெயர் இல்லை. வாக்குச்சாவடிப் பணியாளர்கள் கொடுத்த தற்காலிக வாக்குச்சீட்டில் வாக்கைப் பதிந்து, அதோடு இருந்த உறுதிமொழியிலும் கையெழுத்திட்டார். அந்த வாக்கு எண்ணப்படவே இல்லை. ஆனால் மேற்பார்வைக் காலம் முடியும்வரை அந்த மாநிலத்தில் வாக்குரிமை கிடையாது என்பதால், அவருக்கு ஐந்து ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. மேற்பார்வையில் இருப்பது அவருக்குத் தெரியுமே, அதுவே போதும் என்றது முதல் மேல்முறையீட்டு நீதிமன்றம். போதாது, தமக்குத் தகுதியில்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று 2022-இல் அந்த மாநிலத்தின் உயர்ந்த குற்றவியல் நீதிமன்றம் திருத்திச் சொன்னது. 2024-இல், அவருக்கு அது தெரியும் என்பதற்குச் சான்று போதவில்லை என்று விடுதலை கிடைத்தது. அரசுத் தரப்பு அதையும் எதிர்த்து மேல்முறையீடு செய்தது. எண்ணப்படாத ஒரு வாக்குக்காக எட்டு ஆண்டுகள்! ‘தெரிந்து’ என்ற ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று நீதிமன்றங்கள் முடிவு செய்வதற்குள் ஒரு குடும்பத்தின் வாழ்க்கை அதில் கரைந்துவிட்டது.

கேள்வி: என் தம்பிக்கும் எனக்கும் பெயரில் ஓர் எழுத்துத்தான் வேறுபாடு. தந்தை பெயரும் கதவு எண்ணும் ஒன்று. தவறுதலாக அவன் பூத் சிலிப்பை எடுத்துப்போய் நான் வாக்களித்துவிட்டால் அது ஆள்மாறாட்டமா?
— தறித் தொழிலாளி, குமாரபாளையம்

பதில்: உங்கள் கடிதம், நான் வழக்கறிஞராகத் தொடங்கிய காலத்தில் ஒரு சிறு நகர நீதிமன்றத்தில் பார்த்த முதியவரை நினைவுபடுத்தியது. இடக்கை ஆள்காட்டி விரலில் மை காயாத நிலையில், சட்டைப்பையில் கசங்கிய சீட்டோடு நின்றார். அண்ணன் சீட்டு, தம்பி வாக்கு, உங்கள் கதையேதான். எழுதப் படிக்கத் தெரியாதவர். ‘வாசலில் இருந்தவர்கள் கொடுத்த சீட்டைத்தான் ஐயா கொண்டுபோனேன்’ என்பதைத் தவிர அவருக்குச் சொல்ல எதுவும் இல்லை. இறுதியில் விடுதலையானார் என்றாலும், அதுவரை எத்தனை வாய்தாக்கள், எத்தனை நாள் கூலி இழப்பு என்பதை அருகிலிருந்து பார்த்தேன்.

சட்டத்தின் சொற்களைப் பாருங்கள். 1920-இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் தேர்தல் குற்றங்களுக்கென ஓர் இயல் சேர்க்கப்பட்டது. அதன் 171-டி பிரிவு, சிறு மாற்றங்களோடு, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 172-ஆவது பிரிவாக இருக்கிறது. பிறர் பெயரிலோ, இறந்தவர் பெயரிலோ, கற்பனைப் பெயரிலோ வாக்குச்சீட்டுக் கேட்பவரும் வாக்களிப்பவரும், ஒரு முறை வாக்களித்துவிட்டு மீண்டும் கேட்பவரும் ஆள்மாறாட்டம் செய்தவர்கள். தண்டனை ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ‘தெரிந்தே’ என்ற சொல்லோ ‘ஏமாற்றும் எண்ணத்துடன்’ என்ற சொல்லோ அதில் இல்லை.

அப்படியானால் உங்களுக்குப் பாதுகாப்பே இல்லையா? இருக்கிறது, ஆனால் வேறு இடத்தில் இருக்கிறது. நிகழ்வைப் பற்றிய தவறான எண்ணத்தில் நல்லெண்ணத்தோடு செய்த செயல் குற்றமாகாது என்று அதே சன்ஹிதாவின் 17-ஆவது பிரிவு பொதுவிலக்குத் தருகிறது. இங்கேதான் சிக்கல். குற்ற மனம் குற்றத்தின் வரையறைக்குள் இருந்தால் அதை நிரூபிக்க வேண்டியது அரசு. அது பொதுவிலக்காக வெளியே இருந்தால், அந்த விலக்கு தமக்குப் பொருந்தும் என்று காட்ட வேண்டியது குற்றம் சாட்டப்பட்டவர். அதிலும் ‘நல்லெண்ணம்’ என்றால் உரிய கவனத்தோடும் அக்கறையோடும் செய்தது என்று சட்டம் பொருள் சொல்கிறது. எழுத்தறியாத ஒரு முதியவர் தாம் உரிய கவனம் எடுத்ததாக எதைக் கொண்டு காட்டுவார்? நாதுலால் தீர்ப்பின் வழியில் நீதிமன்றங்கள் குற்ற மனத்தை 172-ஆவது பிரிவுக்குள்ளும் வாசித்துக்கொள்ள முடியும் என்பதும், அப்படித்தான் வாசிக்க வேண்டும் என்பதும் என் கருத்து. ஆனால் உள்ளூர் நீதிமன்றத்தில் நிற்பவர், மேல் நீதிமன்றம் வாசிக்கும்வரை காத்திருக்க முடியாது. 2023-இல் பழைய தண்டனைச் சட்டம் முழுவதையும் பிரித்து எழுதியபோது, இந்தப் பிரிவில் ‘தெரிந்தே’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்திருக்கலாம். சேர்க்காதது பெரிய குறை என்றே சொல்வேன்.

உங்களுக்கு என் யோசனை: சிலிப்பை நம்பாதீர்கள்; வாக்காளர் அடையாள அட்டையைக் கொண்டுபோய், அதிலுள்ள எண்ணைச் சொல்லுங்கள். ஒருவேளை உங்கள் பெயரில் முன்பே யாரோ வாக்களித்திருந்தால், தேர்தல் நடத்தும் விதிகளில் 49-பி (49P) விதிப்படி, ஆய்வுக்குரிய வாக்கு, அதாவது தனி வாக்குச்சீட்டில் பதியும் வாக்கு, அளிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அந்த உரிமையைத் தருவதற்கு, முதலில் வாக்களித்தவர் அயோக்கியரா அப்பாவியா என்று யாரும் பார்ப்பதில்லை. பாதிக்கப்பட்டவருக்குப் பரிகாரம் தர அது தேவையில்லை. ஒருவரைச் சிறைக்கு அனுப்பத்தான் அது தேவை.

கேள்வி: வேட்பாளர் ஒருவரைப் பற்றி வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை உண்மை என்று நம்பிப் பலருக்கு அனுப்பினேன். பிறகு அது பொய் என்று தெரிந்தது. என்னைத் தண்டிக்க முடியுமா?
— மருந்துக் கடைக்காரர், பட்டுக்கோட்டை

பதில்: தேர்தல் குற்றமாகப் பார்த்தால் முடியாது. சன்ஹிதாவின் 175-ஆவது பிரிவு, தேர்தல் முடிவைப் பாதிக்கும் நோக்கம் வேண்டும் என்கிறது. அதோடு, வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தையைப் பற்றிய அந்தச் செய்தி பொய் என்று அறிந்தோ, உண்மை என்று நம்பாமலோ பரப்பியிருக்க வேண்டும் என்கிறது. நம்பி அனுப்பியவர் அதில் சிக்கமாட்டார். பொய் என்று தெரிந்ததும் அதே குழுக்களில் மறுப்பையும் அனுப்பிவிடுங்கள்.

ஒன்றைக் கவனித்தீர்களா? இந்தப் பிரிவுக்கு விதிக்கப்பட்டது அபராதம் மட்டுமே. ஆனாலும் இதில் மனநிலை இரண்டு முறை கேட்கப்படுகிறது. சிறை வரை போகக்கூடிய ஆள்மாறாட்டப் பிரிவில் ஒரு முறைகூடக் கேட்கப்படவில்லை. ஒரே இயலில், ஒரே நாளில் எழுதப்பட்ட பிரிவுகள் இவை.

கேள்வி: எங்கள் தெருவில் எல்லோரும் பணம் வாங்கினார்கள், நானும் வாங்கினேன். ஆனால் கொடுத்தவருக்கு வாக்களிக்கவில்லை. வாங்கும்போதே அந்த எண்ணமும் இல்லை. குற்ற எண்ணம் இல்லாததால் நான் குற்றமற்றவன்தானே?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மதுரை மாவட்டம்

பதில்: இல்லை. ‘வாங்கிக்கொள், ஆனால் மனசாட்சிப்படி போடு’ என்று மேடைகளிலேயே சொல்லிப் பழகிவிட்டதால் பலரும் இப்படி நினைக்கிறார்கள். சட்டம் இந்த வாதத்தை 1920-லேயே எதிர்பார்த்து வாயிலை அடைத்துவிட்டது. தாம் செய்ய எண்ணாத ஒன்றுக்காகக் கையூட்டுப் பெற்றவரும், செய்யாத ஒன்றுக்குப் பரிசாகப் பெற்றவரும், வாக்குக்காகப் பெற்றவராகவே கருதப்படுவார் என்று இன்றைய 170-ஆவது பிரிவு சொல்கிறது. இங்கே சட்டம் கேட்கும் மனநிலை ‘அவருக்கு வாக்களிப்பேன்’ என்பதன்று. ‘இந்தப் பணம் வாக்குக்காகத் தரப்படுகிறது’ என்று தெரிந்து கைநீட்டியதுதான். அது உங்களுக்குத் தெரிந்தே இருந்தது என்பதை உங்கள் கடிதமே சொல்கிறது. விடியற்காலையில் கதவிடுக்கில் யாரோ உறையைச் செருகிவிட்டுப் போனால் அது வேறு, கண்டெடுத்தது பெற்றுக்கொண்டதாகாது.

தண்டனை ஓராண்டு வரை சிறையோ அபராதமோ என்பதோடு முடியவில்லை. கையூட்டுக்காகவோ ஆள்மாறாட்டத்துக்காகவோ தண்டிக்கப்பட்டவர், 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 11-ஏ பிரிவின்படி ஆறு ஆண்டுகள் எந்தத் தேர்தலிலும் வாக்களிக்க முடியாது. 8-ஆவது பிரிவின்படி போட்டியிடவும் முடியாது.

2016-இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் தேர்தல் தள்ளிப்போனது, 2017-இல் சென்னை ராதாகிருஷ்ணன் நகர் இடைத்தேர்தல் நிறுத்தப்பட்டது, 2019-இல் வேலூர் மக்களவைத் தேர்தல் இரத்தானது எல்லாம் பண விநியோகத்தால்தான். அந்தத் தொகுதிகளில் பணத்தைத் தொடாத வாக்காளர்களும் வாக்குச்சாவடிக்குப் போக முடியாமல் காத்திருந்தார்கள்.

கேள்வி: எண்ணத்தை நிரூபி, அறிவை நிரூபி என்று கேட்டுக்கொண்டே போனால் எந்த அரசியல்வாதியைத் தண்டிக்க முடியும்? மனத்துக்குள் இருப்பதை யார் திறந்து பார்ப்பது? உங்கள் வாதம் பெரியவர்களுக்குத்தானே உதவும்?
— வருவாய்த் துறையில் ஓய்வுபெற்றவர், தஞ்சாவூர்

பதில்: உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது, ஐயா, அதனால் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

எண்ணத்தை யாரும் திறந்து பார்ப்பதில்லை, சூழ்நிலையிலிருந்து வாசிக்கிறோம். நீங்கள் பணியில் இருந்தபோது பறக்கும் படையோடு சாலையில் நின்றிருப்பீர்கள். இரண்டு வண்டிகளில் இரண்டு இலட்சம் ரூபாய் பிடிபடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் பின்னால் ஆட்டுச் சாணம், முன்னிருக்கையில் சந்தைச் சுங்கச் சீட்டு, நூறும் ஐந்நூறுமாகக் கலந்து இரப்பர் வளையம் போட்ட கட்டு. மற்றொன்றில் ஒரே அளவான உறைகள், ஒவ்வொன்றிலும் ஒரே தொகை, கூடவே தெருவாரியாகக் குறியிட்ட வாக்காளர் பட்டியல். முதலாமவர் ஆவணம் இல்லாததால் பணத்தை இழந்து மாவட்டக் குழுவின் முன் நின்று திரும்பப் பெற வேண்டியிருக்கலாம். ஆனால் அவர் குற்றவாளி அல்லர். இரண்டாமவரின் எண்ணத்தை நிரூபிக்க அவர் மனத்துக்குள் போக வேண்டியதில்லை, பட்டியலே பேசும். கொலை வழக்கிலும் மோசடி வழக்கிலும் நாள்தோறும் நீதிமன்றங்கள் செய்யும் வேலைதான் இது.

அடுத்தது, பதவியைப் பறிப்பதற்கும் சிறைக்கு அனுப்புவதற்கும் உள்ள வேறுபாடு. கோயம்புத்தூர் மாவட்டம் தேக்கம்பட்டி ஊராட்சித் தலைவர் ஒருவர், 2006 உள்ளாட்சித் தேர்தலில் தம் மீது நிலுவையிலிருந்த வழக்குகளை முழுமையாகச் சொல்லாமல் வென்றார். அந்த மறைப்பே வாக்காளர்மீது செலுத்திய முறையற்ற செல்வாக்கு என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் அவருடைய வெற்றி செல்லாது என்பதை உறுதி செய்தது. தம் வழக்குகளைப் பற்றி அவரைவிட நன்றாக அறிந்தவர் யார் என்பதே அதன் அடிப்படை. பதவி பறிபோகும் விளைவுக்கு இந்த அளவு போதும் என்பதை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். வேட்பாளர் தாமாக முன்வந்து பொறுப்பைக் கேட்பவர். அவரிடம் ‘தெரிந்திருக்க வேண்டியது’ என்ற உயர்ந்த அளவுகோலை வைக்கலாம். பொய்ப் பிரமாணப் பத்திரத்துக்கான, 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 125-ஏ பிரிவும், பொய் என்று தெரிந்ததை மட்டுமல்லாமல், பொய் என்று நம்பக் காரணம் இருந்ததையும் தண்டிக்கிறது.

பெரியவர்கள் தப்புவது எண்ணத்தை நிரூபிக்கக் கேட்பதால் என்று எனக்குத் தோன்றவில்லை. அதே 125-ஏ பிரிவின் தண்டனையைப் பாருங்கள்: ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம். 8-ஆவது பிரிவின் தகுதியிழப்புப் பட்டியலில் அது இல்லை. ஐந்நூறு ரூபாய் வாங்கித் தண்டனை பெற்ற வாக்காளருக்கு ஆறு ஆண்டுகள் வாக்குரிமை இல்லை. சொத்தையும் வழக்கையும் மறைத்துத் தண்டனை பெற்ற வேட்பாளர் அந்தக் குற்றத்துக்காகத் தகுதி இழப்பதில்லை. இதை மாற்றி, குறைந்தது இரண்டு ஆண்டுச் சிறையும் தகுதியிழப்பும் வேண்டும் என்று சட்ட ஆணையம் 2014-இல் தன் 244-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. உங்கள் கோபத்தை அந்தப் பரிந்துரையின் பக்கம் திருப்புங்கள், ஐயா. நானும் உங்களோடு சேர்ந்து கேட்கிறேன்.

கேள்வி: கடந்த தேர்தலில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்த என் நண்பர், வாக்குப்பதிவுக்கு முன் இயந்திரத்தைச் சோதிக்கப் பதிந்த மாதிரி வாக்குகளை அழிக்க மறந்துவிட்டார். உள்நோக்கம் எதுவும் இல்லை. அவருக்கும் அதே பாதுகாப்பு உண்டா?
— அரசுப் பள்ளி ஆசிரியர், திண்டுக்கல்

பதில்: அதே பாதுகாப்பு இல்லை, சற்றுக் குறைவானது உண்டு, அது சரியென்றும் நினைக்கிறேன். கடமை தவறுதலுக்கான, 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 134-ஆவது பிரிவு, ‘நியாயமான காரணமின்றி’ தவறியவரைத்தான் தண்டிக்கிறது. உள்நோக்கத்தை அரசு நிரூபிக்க வேண்டியதில்லை என்றாலும், தண்டனை ஐந்நூறு ரூபாய் வரை அபராதம் மட்டுமே. பயிற்சியும் கையேடும் கொடுத்துப் பொறுப்பில் அமர்த்தப்பட்டவரிடம் கவனத்தை எதிர்பார்க்கலாம். ஆனால் முந்தைய நாள் பொருள்களைச் சுமந்து வந்து, பள்ளி அறையில் பெஞ்சின்மேல் படுத்து, விடியுமுன் எழுந்து வேட்பாளர்களின் முகவர்கள் சூழ ஐம்பது மாதிரி வாக்குகளைப் பதிந்து முடிக்கும்போது, ஒரு பொத்தானை மறப்பது மனிதருக்கு நேரக்கூடியதே. நண்பர் நடந்ததை நேரத்தோடு குறித்து, முகவர்கள் முன்னிலையில் உடனே மேலலுவலருக்குத் தெரிவித்திருந்தால், அதுவே அவருக்குத் துணை. மறைத்திருந்தால் அது மறதியாக இராது.

கேள்வி: நான் அழுத்தியது ஒரு சின்னம், ஒப்புகைச் சீட்டில் தெரிந்தது வேறு சின்னம் என்று தோன்றியது. புகார் பொய்யானால் ஆறு மாதம் சிறை என்று சொன்னதால் பேசாமல் வந்துவிட்டேன். சரியா, தவறா?
— இல்லத்தரசி, நாகர்கோவில்

பதில்: நீங்கள் அஞ்சியதைத் தவறென்று சொல்ல மாட்டேன், அம்மா. 2019-இல் அசாமின் முன்னாள் காவல்துறைத் தலைமை இயக்குநர் ஒருவரே, இதே காரணத்தால் புகார் எழுதிக் கொடுக்காமல் திரும்பியதாகச் சொன்னார். ஒரு மாநிலத்தின் காவல்துறைக்குத் தலைமை தாங்கியவருக்கே தயக்கம் என்றால் மற்றவர்களைக் குறைசொல்ல என்ன இருக்கிறது?

தேர்தல் நடத்தும் விதிகளில் 49-எம்ஏ விதியின்படி புகாரை எழுத்தில் தர வேண்டும்; பொய்ப் புகாரின் விளைவைத் தலைமை அலுவலர் எச்சரிப்பார்; பிறகு முகவர்கள் முன்னிலையில் ஒரு சோதனை வாக்கு. சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் தெரிவது ஏழு நொடிகள். முதல் முறை நேர்ந்தது இரண்டாம் முறை நேராமல் போனால், புகார் கொடுத்தவர் பொய்யர் ஆகிவிடுகிறார். உண்மையில் பொய்த் தகவலுக்கான தண்டனைப் பிரிவு, பொய் என்று தெரிந்தோ, பொய்யென நம்பக் காரணம் இருந்தோ கொடுத்தவரைத்தான் தொடும். கண் மங்கியவரும், அவசரத்தில் பார்த்தவரும், மனதாரத் தவறாக நினைத்தவரும் அதற்குள் வரமாட்டார்கள். சோதனை தோற்றது என்பது புகார் நிரூபணமாகவில்லை என்பதற்கே சான்று. பொய் சொன்னார் என்பதற்குச் சான்றன்று. இந்த வேறுபாட்டை விதியிலேயே எழுதி, அறிந்தே பொய் சொன்னதை நிரூபித்தாலன்றி வழக்கில்லை என்று எச்சரிக்கை வாசகத்திலும் சேர்க்க வேண்டும். இயந்திரத்தில் பிழை இருந்தால் அதைக் கண்டு சொல்லக்கூடிய ஒரே மனிதர் அந்த மறைப்புக்குள் நிற்கும் வாக்காளர்தான். அவரை அச்சுறுத்தி அனுப்பினால் அந்தப் பிழை வெளியே தெரிய வேறு வழியில்லை.

அடுத்த முறை அப்படி நேர்ந்தால், அந்த இடத்தை விட்டு நகராமல் அலுவலரை அழையுங்கள். படிவத்தில், எந்தப் பொத்தானை அழுத்தினீர்கள், சீட்டில் எதைக் கண்டீர்கள் என்பதை மட்டும், ‘நான் கண்டபடி’ என்று சேர்த்து எழுதுங்கள். இயந்திரம் மோசடி செய்தது, அலுவலர் உடந்தை என்றெல்லாம் எழுதாதீர்கள். அவை நீங்கள் கண்டவை அல்ல.